பள்ளிக்கூடம், பனியன் கம்பெனி, மைதானம்: ஊரடங்கு விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் 14 மெஷின் போட்ட ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். மருத்துவரும் அல்ல, வக்கீலும் அல்ல. ஆனால் கல்யாணப் பந்தியிலும் டீக்கடை பெஞ்சிலும் கொரோனா காலத்துப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் இரண்டாம் நிமிடமே குரல்கள் உயர்ந்துவிடுகின்றன. பங்காளிகள் இருவர் இதை வைத்து ஆறு மாதம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேள்விகள் மாறுவதே இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். அந்த இரண்டு வருடங்களின் ஆர்டர் டைரியில் அறிவிப்பு வந்த நாட்களையெல்லாம் குறித்திருப்பதால், தேதி விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

சண்டை எதைப் பற்றி? ஊரடங்கே கூடாது என்பதா?

அப்படிச் சொன்னவர்களும் உண்டு, கொஞ்சம் பேர். மற்றவர்களுடைய கோபம் வேறு. இந்த ஊர் கெடுபிடியைப் பார்க்காத ஊர் அல்ல. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் நொடிந்தன. ஆனாலும் "ஏன் மூடினார்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நொய்யல் ஆற்றைப் போய்ப் பார்த்தால் போதும், காரணம் நிறம் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. கொரோனா காலத்தில் அப்படியொரு காரணத்தை யாரும் கண்ணில் காட்டவில்லை. இது திறக்கலாம், அது திறக்கக் கூடாது என்று பட்டியல் மட்டும் வந்தது. பட்டியலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் பொருத்தம் இல்லை என்பதுதான் சண்டை.

பள்ளிகள் உண்மையில் எவ்வளவு காலம் மூடிக் கிடந்தன?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் "ஒரு வருடம் இருக்குமா?" என்கிறார்கள். வகுப்பைப் பொறுத்தது. 2020 மார்ச் நடுவில் மூடியவை. 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறந்தன. மார்ச் 22 முதல் 9, 10, 11 மறுபடி நிறுத்தம். பிறகு 9 முதல் 12 வரை 2021 செப்டம்பர் 1. ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1. அதாவது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிக் கட்டடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. பிறகு 2022 ஜனவரியில் மூன்றாம் அலைக்கு மீண்டும் மூடி, பிப்ரவரி 1இல் திறந்தார்கள். எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரி 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் மகள் 2020 மார்ச்சில் ஒன்பதாம் வகுப்பு. ஆண்டுத் தேர்வு இல்லாமல் தேர்ச்சி. பத்தாம் வகுப்பும் தேர்வு இல்லாமல் தேர்ச்சி. அவள் எழுதிய முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதத்து பிளஸ் ஒன்.

பள்ளிக்கு முன்னால் என்னவெல்லாம் திறந்தன?

வரிசையாகச் சொல்கிறேன். மதுக்கடை 2020 மே 7. மாவட்டத்துக்குள் பஸ்ஸும் கோயில்களும் செப்டம்பர் 1. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் செப்டம்பர் 7. தியேட்டர்கள் நவம்பர் 10, பாதி இருக்கைகளுடன்.

அந்த நவம்பரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை நவம்பர் 16இல் திறப்பதாக அறிவித்திருந்தார்கள். நவம்பர் 9 அன்று பெற்றோர்களைப் பள்ளிக்கு வரவழைத்துக் கருத்துக் கேட்டார்கள். நானும் போனேன். திறக்கலாமா வேண்டாமா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் "வேண்டாம்" என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு, "நாளைக்குத் தியேட்டர் திறக்கிறார்களாமே?" என்று என்னிடமே கேட்டார். சில நாட்களில் பள்ளி திறப்பு கைவிடப்பட்டது. பெற்றோர் பயந்தார்கள் என்பது உண்மை. அந்தப் பயத்தைத் தியேட்டர் விஷயத்தில் யாரும் தாளில் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

மதுக்கடையைத் திறந்தது மட்டும் ஏன் இவ்வளவு பெரிய சண்டையானது?

நேரம் அப்படி. 2020 மே 7 அன்று கடைகள் திறந்தன. இந்த வயதுக்காரர்களுக்கு இந்த நேரம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 16ஆம் தேதி மறுபடி திறப்பு. ஒன்பது நாட்களில் திறந்து, மூடி, திறந்தாயிற்று. அதே மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9 அன்று ரத்து என்றார்கள். தேர்வு பற்றித் தெளிவாக முடிவெடுக்க ஆன நேரத்தில், மதுக்கடை வழக்கு தில்லி வரை போய்த் திரும்பிவிட்டது. அரசுக்கு வருமானம் வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பாதிக் கோபம் அடங்கியிருக்கும்.

கொங்கு மண்டலத்தை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்பது சரியா?

இதற்குத்தான் எனக்கு அதிக வசவு விழுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்: சரியல்ல.

நடந்தது இது. இரண்டாம் அலையில் 2021 மே 10 முதல் ஊரடங்கு. மே 24 முதல் தளர்வுகளே இல்லாத ஊரடங்கு. ஜூன் 7இல் தளர்வுகள் தொடங்கியபோது 27 மாவட்டங்களுக்கு ஒரு கணக்கு, 11 மாவட்டங்களுக்கு வேறு கணக்கு. அந்த 11இல் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என ஏழு எங்கள் பக்கம். அதற்குச் சற்று முன்புதான் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்திருந்தது. கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளிலும், புதிதாக ஆட்சிக்கு வந்த திமுக அணி தோற்றிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் யோசனை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மீதி நான்கு மாவட்டங்களையும் சேர்த்துப் படியுங்கள்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. பழிவாங்கும் எண்ணம் இருந்தால் சொந்தக் கோட்டையான திருவாரூரையா பட்டியலில் சேர்ப்பார்கள்? மே கடைசி வாரத்தில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது என்பதும் மறக்கக் கூடியது அல்ல. முதலமைச்சர் மே 30 அன்று முழுக்கவச உடை அணிந்து கோவை இஎஸ்ஐ மருத்துவமனைக்குள் போனதும் அந்த நிலைமையால்தான்.

இன்னொன்றும் உண்டு. முதல் வருடம் முழுவதும் முதலமைச்சர் எடப்பாடிக்காரர், பள்ளிக்கல்வி அமைச்சர் கோபிக்காரர். பள்ளி விஷயத்தில் அப்போதும் இதே குழப்பம்தான். ஊர்க்காரர் நாற்காலியில் இருந்ததால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முன்னதாகக் கதவு திறந்துவிடவில்லை.

அப்படியானால் மாவட்ட வாரியான கட்டுப்பாடு நியாயமா?

எண்ணிக்கை நியாயம், எல்லைக்கோடு அல்ல. காவிரியின் ஒரு கரையில் குளித்தலை, கரூர் மாவட்டம். பாலத்தைத் தாண்டினால் முசிறி, திருச்சி மாவட்டம். ஜூன் 14 முதல் முசிறியில் முடி வெட்டிக்கொள்ளலாம், டீ பார்சல் வாங்கலாம், மது வாங்கலாம். குளித்தலையில் கூடாது. தொற்றுக்கு மாவட்ட எல்லை தெரியாது என்றால், குடிப்பவருக்கு மிக நன்றாகத் தெரியும். பைக்கில் எல்லை தாண்டிப் போய் வரிசையில் நின்று, இருமிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பரவலைத் தடுக்கப் போட்ட கோடே ஆட்களை அங்கும் இங்கும் ஓட வைத்தது. எங்கள் 11 மாவட்டங்களில் பஸ்ஸும் மதுக்கடையும் ஜூலை 5 அன்றுதான் வந்தன. அன்றோடு மாநிலம் முழுக்க ஒரே விதி.

ஏற்றுமதி கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தார்களே, பிறகு உங்களுக்கு என்ன குறை?

மே இறுதியில் வந்த அறிவிப்பைச் சொல்கிறீர்கள். வெளிநாட்டு ஆர்டருக்கு சாம்பிள் அனுப்ப மட்டும், 10 சதவீதப் பணியாளர்களுடன் ஏற்றுமதி நிறுவனங்கள் இயங்கலாம் என்றார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் அது நூறு பேர். என் யூனிட்டில் 14 பேர். 10 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை ஆள். அந்த அரை ஆள் யார் என்று பிளாட்லாக் டெய்லர் கேட்டார். சிரித்தோம், வேறென்ன செய்ய?

திருப்பூர் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் எழுதிய விதி அல்ல அது. ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நூல் ஒரு இடத்தில் வாங்கி, நிட்டிங் ஒரு இடத்தில் ஓட்டி, சாயத்துக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து, கட்டிங், பிரிண்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று சந்து சந்தாகச் சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகிறது. இதில் பெரிய கம்பெனியின் கேட்டை மட்டும் பத்து சதவீதம் திறந்தால், லேபிள் கடை மூடியிருக்கிறது. எலாஸ்டிக் கடை மூடியிருக்கிறது. பிசிறு வெட்டும் அம்மாவுக்கு பஸ் இல்லை. சாம்பிள் எங்கிருந்து வரும்? என்னைப் போன்ற, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் பெயரில் ஏற்றுமதி உரிமமே இருக்காது; ஆனால் ஏற்றுமதித் துணி தைப்பது நாங்கள்தான். ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன், "நீங்கள் ஏற்றுமதியாளரா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார்கள். ஒரே வார்த்தையில் பதில் இல்லாத ஊர் இது.

பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்களும் கூலிக்கு ஓட்டுகிறவர்கள்தான். கேட்டால் இதே கதையைத் தறிக் கணக்கில் சொல்வார்கள்.

விளையாட்டுக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது?

எல்லா விளையாட்டுக்கும் கிடைக்கவில்லை. கூட்டத்துக்கும் பணத்துக்கும் பாரம்பரியத்துக்கும் பின்பலம் இருந்த விளையாட்டுக்குக் கிடைத்தது.

2021 பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 14 அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, பார்வையாளர்களுடன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைந்தது ஐந்து நாள் கழித்து. பிப்ரவரி 13 முதல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் இரண்டாவது டெஸ்ட் போட்டிக்குப் பாதி மைதானம் நிரம்ப ஆட்களை விட்டார்கள். அன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுப்பறை கிடையாது.

2022 பொங்கல் இன்னும் விசித்திரம். மூன்றாம் அலை. ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களுக்குள் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. 18ஆம் தேதி தைப்பூசம். கொங்கு நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மார்கழி முழுக்க விரதம் இருந்து, காவடி கட்டி, பழநிக்கும் சென்னிமலைக்கும் மருதமலைக்கும் நடக்கிற ஜனம். எங்கள் வீட்டில் என் தாத்தா காலம் தொட்டு விடாத பழநி நடை, முதன்முறையாக வாசலோடு நின்றது. அந்த ஐந்து நாட்களுக்குள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் ஜல்லிக்கட்டு நடந்தது. 150 பார்வையாளர்கள் அல்லது இருக்கைகளில் பாதி, எது குறைவோ அது என்று விதி. ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூரை மட்டும் 17ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். காளைக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். காங்கேயம் மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவன். வாடிவாசலுக்கு 150 பேர் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு மலைப்படிக்கும் ஒரு கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி யாரும் சண்டைகூடப் போடவில்லை. என் அக்கா மகன் பள்ளி வாலிபால் அணி. மாவட்டம் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போகும் வயது அவனுக்கு அந்த இரண்டு வருடம்தான். போட்டிகள் நடக்கவில்லை, வயது நிற்கவில்லை. டிஎன்பிஎல் கிரிக்கெட்டை 2021இல் ஆளில்லாத சேப்பாக்கத்திலேயே முழுக்க நடத்தி முடித்தார்கள். ஆளில்லாத மைதானத்தில் வாலிபால் ஆட முடியாதா என்று அவன் கேட்டான். அவனுடைய ஆட்டத்தை ஒளிபரப்ப ஆள் இல்லையே.

தேர்தல் பிரசாரம்?

2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. கூட்டங்களைப் பார்த்தோம். ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கடுமையாகச் சாடியதையும் படித்தோம். இதற்கு மேல் எழுதினால் கட்சி சண்டை ஆகிவிடும்.

இந்த விதிகளைப் போட அதிகாரம் எங்கிருந்து வந்தது? அபராதம் கட்டியவர்கள் ஏமாளிகளா?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் அடிப்படை. அவற்றின் கீழ் மாநிலம் ஆணை போடும். உள்ளூரில் ஆட்சியர் அதற்கு மேலும் இறுக்கலாம். 2021 ஆகஸ்டில் கோவையில் கிராஸ்கட் ரோடு, ஒப்பணக்கார வீதி போன்ற கடைவீதிகளுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு வந்தது அப்படித்தான். முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய். 2022 ஜனவரியில் 500 ஆயிற்று. ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளை, சிலவற்றைத் தவிர, திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்பு, அறிவித்தார்கள். கையில் காசு கட்டியவர் காசு போனது போனதுதான். நானும் ஒரு 200 கட்டியிருக்கிறேன். ரசீது இருக்கிறது.

விதிகள் எல்லாமே வீண் என்கிறீர்களா?

இல்லை. என் பெரியப்பா 2021 மே மாதம் இறந்தார். படுக்கை கிடைக்க ஆம்புலன்ஸிலேயே வாசலில் காத்திருந்த பொழுது எவ்வளவு என்று என் தம்பிக்குத் தெரியும். அவன் இன்றுவரை அதைப் பேசுவதில்லை. மே மாதத்து முழு ஊரடங்கைக் குறை சொல்லி என் முன்னால் யாராவது பேசினால் எழுந்து போய்விடுவேன். மூடியதில் எனக்குப் புகார் இல்லை. திறந்த வரிசையில்தான் புகார். யாருக்குக் குரல் இருந்ததோ அவர்கள் முன்னால் போனார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சங்கம் கிடையாது.

ஆன்லைன் வகுப்பு, கல்வித் தொலைக்காட்சி எல்லாம் இருந்தனவே?

இருந்தன. என் மகள் கட்டிங் டேபிளின் அடியில், துணி ரோல்களுக்கு நடுவே உட்கார்ந்து வகுப்பு கேட்டாள். அங்கேதான் சத்தம் குறைவு, சிக்னலும் கிடைத்தது. எங்கள் செக்கிங் அம்மாவின் வீட்டில் ஒரே போன். அதை அவர் வேலைக்கு எடுத்துவந்துவிடுவார். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் கடைசியில்தான் தொடங்கியது. சிறு பிள்ளைகளுக்கு அது உதவியது, கண்ணால் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அது இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

அந்த அம்மாவின் மகனை. முன்பு ஒருமுறை இவனைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள்.

2020 ஆகஸ்டில் ஒருநாள், "ஏனுங்கண்ணா, வீட்டில் தனியாக இருக்கிறான், இங்கே ஓரமாக உட்காரட்டுமா?" என்று கேட்டு அழைத்துவந்தார். பதினான்கு முடிந்திருந்தது. ஒரு வாரம் சும்மா உட்கார்ந்தான். அடுத்த வாரம் பிசிறு வெட்டினான். அதற்கடுத்து ஓவர்லாக் டெய்லருக்குத் துணி எடுத்து மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தான். சனிக்கிழமை சம்பளக் கவரில் அவனுக்கும் ஒன்று போட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. கணவருக்கு வேலை இல்லாத நேரம்.

2021 செப்டம்பரில் பள்ளி திறந்தது. அவன் பெயர் பத்தாம் வகுப்பில் இருந்தது. வாத்தியார் ஒருவர் பைக்கில் யூனிட்டுக்கே தேடி வந்தார். வெயிலில் வந்த மனிதருக்கு மோர் கொடுத்தேன். பையன் உள்ளேதான் இருந்தான். உள்நாட்டு பனியன் ஆர்டர், தீபாவளி நெருக்கம், ஓவர்லாக் அருகே ஆள் இல்லை. "தீபாவளி முடியட்டும் சார், நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மோர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

தீபாவளி நவம்பர் 4 அன்று முடிந்தது. அடுத்து பொங்கல் ஆர்டர் வந்தது.

இப்போது அவன் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைக்கும் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நல்ல கை.